எச். ஜி. வெல்ஸ்

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் (செப்டம்பர் 21, 1866 - ஆகஸ்ட் 13, 1946) இங்கிலாந்தைச் சேர்ந்த ஓர் எழுத்தாளர் ஆவார். எச். ஜி. வெல்ஸ் என்னும் பெயரிலேயே பரவலாக அறியப்படுகிறார். புதினம், சிறுகதை, வரலாறு, அரசியல், உயிரியல் எனப் பல துறைகளில் நூல்களை எழுதியுள்ளார். இவர் பிரான்சு நாட்டின் ழூல் வேர்ணுடன் சேர்த்து அறிவியல் புனைகதையின் தந்தையருள் ஒருவராகக் குறிப்பிடப்படுகிறார்.

பொம்மைச் சிப்பாய்களையும் பொம்மைப் பீரங்கிகளையும் கொண்டு விதிமுறைப்படி ஆடப்படும் சிற்றுருப் போர் விளையாட்டின் முன்னோடியும் இவரே. 1913 ஆம் ஆண்டில் வெளிவந்த இவரது லிட்டில் வார்ஸ் (சிறு போர்கள்) என்னும் நூல், படைத்துறை சாராத பொதுமக்கள் ஆடுவதற்கென எழுதப்பட்ட தொடக்ககால விதிநூல்களுள் மிகவும் புகழ்பெற்றது. உண்மையான போரின் வீண்தன்மையை உணர்த்துவதும் அந்நூலின் நோக்கங்களுள் ஒன்றாகும். எனினும் அது வெளிவந்த மறு ஆண்டே முதலாம் உலகப் போர் தொடங்கியது. வெல்சும் அப்போரை ஆதரித்து எழுதினார். விளையாட்டுப் போருக்கும் உண்மைப் போருக்கும் இடையிலான இந்த முரண்பாட்டை அவரே பிற்காலத்தில் தமது தன்வரலாற்றில் எண்ணிப் பார்த்துள்ளார்.

இளமைக் காலம்

வெல்ஸ் இங்கிலாந்தில் அப்போது கென்ட் மாவட்டத்தில் இருந்த புரோம்லி என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் ஜோசப் வெல்ஸ், சாரா நீல் ஆகியோர். நான்கு பிள்ளைகளுள் இவரே இளையவர். தந்தை முதலில் தோட்டக்காரராக வேலை பார்த்தார். பின்னர் பீங்கான் பாத்திரங்களும் விளையாட்டுப் பொருட்களும் விற்கும் சிறு கடையொன்றை நடத்தினார். கடையில் வருவாய் மிகக் குறைவு. ஜோசப் வெல்ஸ் கென்ட் அணிக்காகத் துடுப்பாட்டம் ஆடியவரும் ஆவார். 1862 இல் சசெக்ஸ் அணிக்கு எதிராக அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு இலக்குகளை வீழ்த்தினார். முதல்தரத் துடுப்பாட்டத்தில் இச்சாதனையை முதலில் நிகழ்த்தியவர் அவரே.

1874 இல் ஏற்பட்ட விபத்தொன்றில் வெல்சின் கால் முறிந்தது. படுக்கையில் கிடந்த நாட்களில், தந்தை கொண்டுவந்து கொடுத்த நூல்களைத் தொடர்ந்து படித்தார். வாசிப்பில் தமக்கு ஆர்வம் பிறந்தது அப்போதுதான் என்று அவர் பின்னர் எழுதியுள்ளார். 1877 இல் தந்தைக்குத் தொடை எலும்பு முறிந்தது. அதனால் துடுப்பாட்டத்தின் மூலம் கிடைத்த வருவாயும் நின்றது. தாயார் அப்பார்க் என்னும் பெரிய மாளிகையில் வீட்டு மேற்பார்வையாளராக வேலைக்குச் சென்றார். வெல்சும் அவருடைய தமையன்மாரும் துணிக்கடைகளில் தொழில் பழக அனுப்பப்பட்டனர்.

வெல்ஸ் 1881 முதல் 1883 வரை சவுத்சீ என்னும் ஊரில் ஒரு துணிக்கடையில் பயிற்சியாளராக இருந்தார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 மணி நேரம் வேலை செய்து, பிற பயிற்சியாளர்களுடன் ஒரே கூடத்தில் படுத்துறங்க வேண்டியிருந்தது. இந்த வாழ்க்கையை அவர் பெரிதும் வெறுத்தார். கிப்ஸ் (1905) உள்ளிட்ட புதினங்களில் இவ்வனுபவங்கள் இடம்பெற்றுள்ளன.

கல்வியும் தொடக்ககால எழுத்தும்

துணிக்கடையை விட்டு விலகிய வெல்ஸ், மிட்கர்ஸ்ட் இலக்கணப் பள்ளியில் மாணவ ஆசிரியராகச் சேர்ந்தார். 1884 இல் உதவித்தொகை பெற்று இலண்டன் தென் கென்சிங்டனில் இருந்த அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு, டார்வினின் படிவளர்ச்சிக் கொள்கைக்காக வாதாடிய டி. எச். ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். இது அவருடைய சிந்தனையில் நிலையான தாக்கத்தை ஏற்படுத்தியது. 1887 இல் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார். பின்னர் 1890 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் இளம் அறிவியல் பட்டத்தை விலங்கியலில் பெற்றார். இடைப்பட்ட காலத்தில் இவர் ஆசிரியராகப் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றில், பின்னாளில் வின்னி த பூ கதைகளை எழுதிய ஏ. ஏ. மில்ன் மாணவராக இருந்தார்.

1891 இல் தம் உறவினரான இசபெல் மேரி வெல்சை மணந்தார். இத்திருமணம் நீடிக்கவில்லை. 1895 இல் தம்முடைய மாணவியான ஏமி கேத்தரின் ராபின்சை மணந்தார். அவரை ஜேன் என்று வெல்ஸ் அழைத்தார். அதே ஆண்டில் வெளியான த டைம் மெஷின் (கால இயந்திரம்) இவருக்குப் பெரும் புகழைத் தேடித்தந்தது. தொடர்ந்து த ஐலண்ட் ஆஃப் டாக்டர் மோரோ (1896), த இன்விசிபிள் மேன் (1897), த வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ் (1898) ஆகிய புதினங்கள் வெளிவந்தன.

சேன்ட்கேட் வீடும் தரை விளையாட்டுகளும்

உடல்நலம் கருதி வெல்ஸ் கடற்கரை ஊரான சேன்ட்கேட்டுக்குக் குடிபெயர்ந்தார். அங்கு கட்டடக் கலைஞர் சி. எஃப். ஏ. வாய்சி வடிவமைத்த ஸ்பேட் ஹவுஸ் என்னும் வீட்டில் 1900களின் தொடக்கம் முதல் 1909 வரை வாழ்ந்தார். இவருடைய மகன்கள் ஜார்ஜ் பிலிப் 1901 இலும் பிராங்க் ரிச்சர்ட் 1903 இலும் பிறந்தனர்.

பிள்ளைகளுடன் தரையில் அமர்ந்து விளையாடுவது வெல்சின் வழக்கமாயிற்று. மரக்கட்டைகள், பலகைகள், ஈயச் சிப்பாய்கள், பொம்மை விலங்குகள், பொம்மைத் தொடர்வண்டிகள் ஆகியவற்றைக் கொண்டு தீவுகளையும் நகரங்களையும் அமைத்தனர். இவ்விளையாட்டுகளை விவரித்து 1911 இல் ஃபுளோர் கேம்ஸ் (தரை விளையாட்டுகள்) என்னும் சிறுநூலை எழுதினார். தரையில் தாராளமாக இடம் கொடுத்து விளையாட விட்டால் குழந்தைகளின் கற்பனையும் சிந்தனையும் வளரும் என்பதே அந்நூலின் சாரம்.

லிட்டில் வார்ஸ்

தோற்றம்

போரை மாதிரியாக ஆடிப் பார்ப்பது வெல்சுக்கு முன்பே இருந்தது. பிரசியப் படையில் ரைஸ்விட்ஸ் என்னும் அதிகாரி 1824 இல் உருவாக்கிய கிரீக்ஸ்பீல் என்னும் பயிற்சி முறை அவற்றுள் முக்கியமானது. அது நிலப்படத்தின் மீது சிறு கட்டைகளை நகர்த்தி ஆடப்பட்டது. அதிகாரிகளின் பயிற்சிக்கு உரியது என்பதால் சிக்கலான விதிகளைக் கொண்டிருந்தது. எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1880களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் டாவோசில் தங்கியிருந்தபோது, தம் மனைவியின் மகனான லாயிட் ஆஸ்போர்னுடன் ஈயச் சிப்பாய்களைக் கொண்டு விரிவான போர்களை ஆடினார்.

வெல்சின் விளையாட்டுக்கு இரண்டு பொருட்கள் வழிவகுத்தன. ஒன்று, மலிவான சிப்பாய்கள். பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 இல் உள்ளீடற்ற ஈய வார்ப்பு முறையைக் கண்டறிந்த பின், ஆங்கிலக் குடும்பங்கள் பெரும் பொம்மைப் படைகளை வாங்க முடிந்தது. மற்றொன்று, சுருள்வில்லால் இயங்கிய பொம்மைப் பீரங்கி. இது ஏறத்தாழ ஓர் அங்குல நீளமுள்ள மரக்குண்டைச் சுடும். நன்றாகக் குறிபார்ப்பவர் 9 கெச தூரத்தில் இருக்கும் சிப்பாயைப் பத்துக்கு ஒன்பது முறை வீழ்த்திவிடலாம் என்று வெல்ஸ் கணக்கிட்டார்.

விளையாட்டின் தொடக்கத்தை நூலில் அவரே சுவைபட விவரித்துள்ளார். சேன்ட்கேட் வீட்டில் ஒருநாள் மதிய உணவுக்குப் பின், விருந்தாளி ஒருவர் அருகிலிருந்த சிறு மேசையில் கிடந்த பொம்மைப் பீரங்கியை எடுத்துக் குறிபார்த்து ஒரு சிப்பாயை வீழ்த்தினார். உடனே அதைப் பெருமையாகச் சொல்லி மற்றவரையும் போட்டிக்கு அழைத்தார். நூலில் ஜே. கே. ஜே. என்னும் முதலெழுத்துகளால் மட்டும் சுட்டப்படும் இவர், நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் என்று கருதப்படுகிறது. முதல் போர்க்களங்களில் மலைகளாகவும் மேடுகளாகவும் பயன்பட்டவை கலைக்களஞ்சியத் தொகுதிகளே ஆகும். அன்று வீட்டுக்கு வந்த பெண் விருந்தினர்கள் தரையில் கிடந்தவற்றை அலட்சியமாகப் பார்த்ததையும், அதனால் ஆட்டம் தடைபட்டதையும் வெல்ஸ் குறைப்பட்டுக்கொள்கிறார்.

ஆட்ட விதிகள்

முதலில் விதிகள் எவையும் இல்லை. ஆடிப் பார்த்துக் குறை தெரியும்போதெல்லாம் ஒரு விதி சேர்க்கப்பட்டது. 1913 இல் நூலாக வெளிவந்தபோது விதிகள் பின்வருமாறு அமைந்திருந்தன.

* களம்: மரக்கட்டை வீடுகள், அட்டைச் சுவர்கள், மரங்களுக்குப் பதிலாக நட்ட சிறு கிளைகள் ஆகியவற்றைக் கொண்டு ஒருவர் நிலப்பரப்பை அமைப்பார். எப்பக்கத்திலிருந்து போரிடுவது என்பதை மற்றவர் தேர்ந்தெடுப்பார். ஆகவே களத்தை அமைப்பவர் ஒருபக்கச் சார்பாக அமைக்க இயலாது.
* அணிவகுப்பு: களத்தின் நடுவே திரை கட்டி, எதிரி காணாதபடி இருவரும் படைகளை நிறுத்துவர். திரை விலகியதும் போர் தொடங்கும்.
* நகர்த்தல்: காலாட்படை ஒரு முறைக்கு 1 அடியும் குதிரைப்படை 2 அடியும் நகரலாம்.
* நேரம்: ஒவ்வொரு முறைக்கும் 30 வீரர்களுக்கு ஒரு நிமிடமும் ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு நிமிடமும் வழங்கப்படும். 110 வீரர்களும் 3 பீரங்கிகளும் கொண்ட படைக்கு 7 நிமிடங்கள் போதும். நேரம் முடிந்தால் நகர்த்தாதவை நின்ற இடத்திலேயே நிற்கும்.
* பீரங்கி: ஒரு முறையில் ஒரு பீரங்கி நகரலாம், அல்லது நான்கு குண்டுகள் வரை சுடலாம். இரண்டையும் செய்ய இயலாது. 6 அங்குலத்துக்குள் குறைந்தது நான்கு வீரர்கள் இல்லாவிட்டால் அப்பீரங்கி இயங்காது.
* நேரடி மோதல்: இரு படைகள் நெருங்கி மோதும்போது ஒருவருக்கு ஒருவர் என்னும் கணக்கில் இரு தரப்பிலும் வீரர்கள் நீக்கப்படுவர். துணையின்றித் தனித்துச் சிக்கிய சிறு படையினர் கைதிகளாவர்.

தொடக்கத்தில் நேரடி மோதலின் முடிவு பூவா தலையா போட்டுத் தீர்மானிக்கப்பட்டது. திறமையைவிட நல்வாய்ப்புக்கே அது இடமளித்ததால் கைவிடப்பட்டது. எனவே வெல்சின் விளையாட்டில் பகடை இல்லை. யார் நன்றாகக் குறிபார்க்கிறார், யார் குறுகிய நேரத்தில் சரியாக முடிவெடுக்கிறார் என்பனவே வெற்றியைத் தீர்மானித்தன. கால வரம்பு ஆட்டத்துக்குப் பரபரப்பைத் தந்தது. மெதுவாகச் சிந்திக்கும் தளபதி, படையின் பாதியை நகர்த்த மறந்துவிடுவார். உண்மையான களத்தில் நிகழும் குழப்பத்தை இவ்விதி ஓரளவுக்குக் காட்டியது.

நூலின் அமைப்பு

நூலுக்கு ஜே. ஆர். சின்கிளேர் ஓவியங்கள் வரைந்தார். ஹூக்கின் பண்ணைச் சண்டை என்னும் ஆட்டம் ஒளிப்படங்களுடன் விவரிக்கப்பட்டுள்ளது. இப்பகுதியில் வெல்ஸ் கூனிய முதுகும் மைபடிந்த விரல்களும் கொண்ட எழுத்தாளர் என்னும் நிலையிலிருந்து, முறுக்கிய மீசையும் முகத்தில் வாள்வெட்டுத் தழும்பும் கொண்ட முதிய தளபதியாக மாறித் தம் வீரதீரங்களைப் பேசுகிறார். படைத்தலைவர்களின் நினைவுக் குறிப்புகளைக் கேலி செய்யும் பகுதி இது.

நூலின் நீண்ட துணைத்தலைப்பு, இது 12 முதல் 150 வயது வரையிலான சிறுவர்களுக்கும், சிறுவர்களின் விளையாட்டுகளை விரும்பும் அறிவுமிகுந்த சிறுமியருக்கும் உரியது என்கிறது. பெண்களைப் பற்றிய இத்தகைய கருத்துகள் பிற்காலத்தில் விமர்சிக்கப்பட்டுள்ளன. பின்னிணைப்பில், படை அதிகாரிகள் எழுதிய கடிதங்களின் அடிப்படையில் இவ்விளையாட்டைப் படைப் பயிற்சிக்கு ஏற்றவாறு விரிவாக்குவது குறித்தும் எழுதியுள்ளார்.

நூலின் இறுதிப் பகுதி போருக்கு எதிரானது. சிறு போரில் நொறுங்கிய உடல்களோ சிதைந்த ஊர்களோ இல்லை என்றும், இதனை மூன்று நான்கு முறை ஆடியவர் பெரும் போர் எவ்வளவு குளறுபடியானது என்பதை உணர்வார் என்றும் வெல்ஸ் வாதிடுகிறார். ஓர் அறையில் ஆடும் ஆட்டத்திலேயே இவ்வளவு தவறுகள் நேர்ந்தால், மனித உயிர்களைக் கொண்டு ஆடப்படும் போரில் நேரும் தவறுகள் எத்தகையவை என்பதே அவர் எழுப்பும் கேள்வி.

முதலாம் உலகப் போர்

வெல்ஸ் எதிர்காலப் போரின் வடிவத்தை முன்கூட்டியே கற்பனை செய்தவர். 1903 இல் எழுதிய த லேண்ட் அயர்ன்கிளாட்ஸ் என்னும் சிறுகதையில் கவச ஊர்திகளை விவரித்தார். 1916 இல் பிரித்தானியப் படை பீரங்கி வண்டிகளைப் போரில் இறக்கியது. 1914 இல் வெளிவந்த த வேர்ல்ட் செட் ஃப்ரீ என்னும் புதினத்தில் அணுகுண்டு என்னும் கருத்து இடம்பெற்றது. இப்புதினத்தை 1932 இல் படித்த இயற்பியலாளர் லியோ சிலார்டு, மறு ஆண்டில் அணுக்கருத் தொடர்வினை குறித்த எண்ணத்தை அடைந்தார்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் வெல்ஸ் செருமனிக்கு எதிரான போரை ஆதரித்துக் கட்டுரைகள் எழுதினார். இவை அதே ஆண்டில் த வார் தட் வில் எண்ட் வார் (போருக்கு முடிவு கட்டும் போர்) என்னும் தலைப்பில் நூலாயின. செருமனியின் படைவெறி ஒழிந்தால் போரே ஒழியும் என்று அவர் நம்பினார். போர் நீண்டபோது அந்நம்பிக்கை தளர்ந்தது. 1916 இல் வெளியான மிஸ்டர் பிரிட்லிங் சீஸ் இட் த்ரூ என்னும் புதினம், போரில் மகனை இழந்த ஓர் எழுத்தாளரின் துயரைக் கூறுகிறது. 1918 இல் சிறிது காலம் அரசின் பரப்புரைப் பிரிவில் பணியாற்றி, அதிலிருந்து விலகினார். போரின் இறுதியில் நாடுகளின் சங்கம் அமைய வேண்டும் என்று வாதிட்டவர்களுள் இவரும் ஒருவர்.

1934 இல் வெளிவந்த தன்வரலாற்றில் வெல்ஸ் இவ்விளையாட்டைப் பற்றி மாறுபட்ட கருத்தைத் தெரிவித்துள்ளார். ஏறத்தாழ 13 வயதில், புரோம்லியைச் சுற்றி நடக்கும்போதெல்லாம் தாம் கற்பனையில் பெரும் படைகளை நடத்தியதாக நினைவுகூர்கிறார். 1914 வரை பொம்மைப் போரில் தமக்கிருந்த ஈடுபாடு அச்சிறுவயதுக் கனவுகளின் தொடர்ச்சியே என்கிறார். வின்ஸ்டன் சர்ச்சில், எல். எஸ். அமெரி முதலிய அரசியல்வாதிகளின் போர்ச் சிந்தனையும் அத்தகைய சிறுபிள்ளைக் கற்பனையிலிருந்து வளர்ந்ததே என்று விமர்சிக்கிறார். தாம் 1916 க்கும் 1920 க்கும் இடையில் அந்நிலையைக் கடந்து வளர்ந்துவிட்டதாக நம்புகிறார். விளையாட்டு போருக்கு மாற்று என்று 1913 இல் கருதியவர், போர் வேட்கைக்கும் விளையாட்டுக்கும் ஒரே வேர் இருக்கக்கூடும் என்று 21 ஆண்டுகளுக்குப் பின் ஒப்புக்கொண்டார் எனலாம்.

பிற்கால வாழ்க்கை

போருக்குப் பின் வெல்ஸ், நாடுகளின் பகைமைக்குக் குறுகிய வரலாற்றுக் கல்வியும் ஒரு காரணம் என்று கருதினார். உலக வரலாற்றை ஒரே கதையாகக் கூறும் தி அவுட்லைன் ஆஃப் ஹிஸ்டரி 1920 இல் நூலாக வெளிவந்து மிகப் பரவலாக விற்பனையானது. அதே ஆண்டில் உருசியா சென்று லெனினைச் சந்தித்தார். 1922, 1923 ஆகிய ஆண்டுகளில் இலண்டன் பல்கலைக்கழகத் தொகுதியில் தொழிற்கட்சி வேட்பாளராகப் போட்டியிட்டுத் தோல்வியடைந்தார். மனைவி ஜேன் 1927 இல் இறந்தார். வெல்சுக்கு மணவாழ்க்கைக்கு வெளியேயும் உறவுகள் இருந்தன. எழுத்தாளர் ரெபேக்கா வெஸ்ட்டுக்கும் இவருக்கும் பிறந்த அந்தோணி வெஸ்ட் பின்னாளில் எழுத்தாளரானார்.

1933 இல் நாசிகள் எரித்த நூல்களுள் வெல்சின் நூல்களும் இருந்தன. அவ்வாண்டில் பென் என்னும் பன்னாட்டு எழுத்தாளர் அமைப்பின் தலைவரானார். 1934 இல் மாஸ்கோவில் ஸ்டாலினை நேர்காணல் செய்தார். நீரிழிவு நோயாளியான இவர், அதே ஆண்டில் நீரிழிவு நோயாளிகளுக்கான சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவராவார். அச்சங்கம் இன்று டயபடீஸ் யூகே எனப்படுகிறது. 1940 இல் மனித உரிமைகள் குறித்து நூல் எழுதினார்.

இரண்டாம் உலகப் போரின்போது இலண்டன் மீது குண்டுகள் வீசப்பட்ட காலத்திலும் வெல்ஸ் ரீஜண்ட்ஸ் பூங்கா அருகிலிருந்த தம் வீட்டை விட்டு வெளியேறவில்லை. தாம் கற்பனை செய்த அணுகுண்டு 1945 இல் உண்மையில் வீசப்பட்டதையும் அறிந்தார். ஆகஸ்ட் 13, 1946 அன்று தம் இல்லத்தில் காலமானார். உடல் எரியூட்டப்பட்டு, சாம்பல் கடலில் தூவப்பட்டது.

விளையாட்டுத் துறையில் தாக்கம்

லிட்டில் வார்ஸ் வெளிவந்தபோது உடனடியாக ஓர் இயக்கம் உருவாகவில்லை. இரண்டு உலகப் போர்களுக்குப் பின்னரே சிற்றுருப் போர் விளையாட்டு பொழுதுபோக்காகப் பரவியது. நடிகர் பீட்டர் குசிங் இவ்விளையாட்டில் ஈடுபாடு கொண்டவர். அவர் தம் வீட்டில் வெல்சின் விதிகளின்படி ஆடுவதை 1956 ஆம் ஆண்டின் பாத்தே செய்திப்படம் ஒன்று காட்டுகிறது. அமெரிக்காவில் ஜாக் ஸ்குரூபி 1957 இல் வார் கேம் டைஜஸ்ட் என்னும் இதழைத் தொடங்கினார். இங்கிலாந்தில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962 இல் வார் கேம்ஸ் என்னும் நூலை வெளியிட்டார். இவற்றின் வழியாக ஆர்வலர்கள் ஒருவரையொருவர் அறிந்து, பல ஊர்களில் மன்றங்களை அமைத்தனர்.

இன்றைய மன்றங்களில் ஆட்டம் பெரும்பாலும் தரையிலிருந்து மேசைக்கு மாறிவிட்டது. 6 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட மேசை பரவலாகப் பயன்படுகிறது. உறுப்பினர்கள் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதிலோ விடுமுறை நாளிலோ ஊர்ப் பொதுக்கூடம் போன்ற இடங்களில் கூடி, தாங்களே வண்ணம் தீட்டிய சிற்றுருக்களைக் கொண்டு ஆடுகின்றனர். பல நாட்கள் உழைத்து வண்ணம் தீட்டிய சிற்றுருவை மரக்குண்டால் வீழ்த்த எவரும் விரும்பமாட்டார். ஆகவே பொம்மைப் பீரங்கியின் இடத்தைப் பகடை பிடித்துக்கொண்டது. வெல்ஸ் விலக்கிய நல்வாய்ப்பு இவ்வாறு மீண்டும் ஆட்டத்துக்குள் வந்தது. நகர்த்தும் தூரத்தை அளந்து நகர்த்துதல், முறைவைத்து ஆடுதல், களத்தில் வீடும் மரமும் அமைத்தல் ஆகியவை அன்று போலவே தொடர்கின்றன.

சிற்றுருப் போர் விளையாட்டிலிருந்தே கதைமாந்தர் வேடமேற்று ஆடும் விளையாட்டுகள் தோன்றின. கேரி கைகாக்ஸ் 1971 இல் செயின்மெயில் என்னும் விதிநூலை ஜெஃப் பெரனுடன் சேர்ந்து எழுதினார். 1974 இல் டேவ் ஆர்னசனுடன் சேர்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை வெளியிட்டார். லிட்டில் வார்ஸ் நூலின் 2004 ஆம் ஆண்டுப் பதிப்புக்கு கைகாக்ஸ் முன்னுரை எழுதினார்.

ஃபுளோர் கேம்ஸ் நூலின் தாக்கம் வேறொரு துறையில் வெளிப்பட்டது. மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்ட் இந்நூலின் தூண்டுதலால், மணல் தட்டில் சிறு பொம்மைகளை வைத்துக் குழந்தைகள் தம் மனநிலையை வெளிப்படுத்தும் முறையை 1920களின் இறுதியில் உருவாக்கினார். இன்று உளநலச் சிகிச்சையில் பயன்படும் மணல் விளையாட்டு முறைக்கு இதுவே முன்னோடியாகும்.

முக்கிய நூல்கள்

* த டைம் மெஷின் (1895)
* த இன்விசிபிள் மேன் (1897)
* த வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ் (1898)
* த ஃபர்ஸ்ட் மென் இன் த மூன் (1901)
* கிப்ஸ் (1905)
* ஃபுளோர் கேம்ஸ் (1911)
* லிட்டில் வார்ஸ் (1913)
* த வேர்ல்ட் செட் ஃப்ரீ (1914)
* மிஸ்டர் பிரிட்லிங் சீஸ் இட் த்ரூ (1916)
* தி அவுட்லைன் ஆஃப் ஹிஸ்டரி (1920)
* த ஷேப் ஆஃப் திங்ஸ் டு கம் (1933)
* எக்ஸ்பெரிமெண்ட் இன் ஆட்டோபயோகிராஃபி (1934)